வண்டி நின்றால் யாரிடம் போவது?

மாகறலைத் தாண்டியதும் வண்டி மறுபடியும் நின்றது. காலை பத்து மணி இருக்கும். பதினொரு மணிக்கு உத்திரமேரூரில் விசாரணை. பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா இறங்கி, மடியில் வைத்திருந்த மஞ்சள் பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு புளியமரத்து நிழலில் நின்றார். பையில் இருந்தவை மூன்று சென்ட் வீட்டுமனைக்கான காகிதங்கள். பதினாறு வருடமாகக் குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா கேட்டு அவர் கொடுத்த மனு, இரண்டு முறை தள்ளிப்போய், அன்றுதான் விசாரணைக்கு வந்திருந்தது.

கிக்கரை உதைத்தோம். சோக்கை இழுத்தோம். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினோம். இருபது நிமிடம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல வண்டி ஸ்டார்ட் ஆனது. நாலு கிலோமீட்டர் ஓடி மறுபடியும் நின்றது. உத்திரமேரூர் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை. "கூப்பிட்டோம், ஆள் வரல, எழுதியாச்சு" என்றார்கள். அடுத்த தேதி இரண்டரை மாதம் கழித்து. அக்கா எங்களைத் திட்டவில்லை. "பஸ்ஸுலயே போயிருக்கலாம்பா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் குடவோலைக் கல்வெட்டைப் பற்றிப் பேசுவார்கள். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில், சீட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த ஊர்தான். அந்தக் கல்வெட்டு கேட்கும் தகுதிகளில் முதலாவது, வரி கட்டும் கால் வேலி நிலமாவது சொந்தமாக இருக்க வேண்டும் என்பது. அடுத்தது, சொந்த மனையில் வீடு. வேதமும் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஊருக்குத்தான் மூன்று சென்ட்டுக்காக நாங்கள் போய்க்கொண்டிருந்தோம்.

எங்கள் அலுவலகத்தில் மூன்று பேர். மூவருக்கும் சேர்த்து ஒரு பழைய ஸ்பிளெண்டர், பணம் போட்டு செகண்ட் ஹாண்டில் வாங்கியது. வண்டி இல்லாமல் எங்கள் வேலை நடக்காது. பஸ் நிற்பது ஊரில்; நாங்கள் போக வேண்டிய சேரி அங்கிருந்து ஒன்றோ இரண்டோ கிலோமீட்டர் உள்ளே. மாலை ஆறு மணிக்கு மேல்தான் வேலைக்குப் போனவர்கள் திரும்புவார்கள், அப்போதுதான் பேச முடியும். பேசி முடித்துவிட்டு வந்தால் கடைசி பஸ் போயிருக்கும். வண்டி எங்களுக்கு வசதியில்லை, வேலைக்கான கருவி.

அதனால் ரிப்பேர் என்பது அவசரம். முதலில் போன ஒர்க்ஷாப் காஞ்சிபுரம் நகரத்துக்குள், பேர் பெற்ற இடம். முதலாளி வண்டியைப் பார்த்தார். ஹெட்லைட்டுக்கு மேல் ஒட்டியிருந்த அம்பேத்கர் படத்தையும் பார்த்தார்.

"எந்த ஊரு?"

சொன்னோம்.

"ஊரா, காலனியா?"

"காலனி."

"வெச்சிட்டுப் போங்க."

2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில், 'காலனி' என்ற சொல் வசைச்சொல்லாக மாறிவிட்டதால் அது அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். நல்லது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க ஆவணம் தேவைப்படுவதில்லை.

மறுநாள் போனோம். "நாளைக்கு வாங்க." அடுத்த நாளும் அதே. எங்களுக்குப் பின்னால் வண்டி விட்டவர்கள் எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்தாம் நாள் வண்டி கிடைத்தது. கார்ப்பரேட்டர் கிளீன் செய்து, பிளக் மாற்றியதாகச் சொல்லி 850 ரூபாய். பழைய பிளக் எங்கே என்று கேட்டோம். "குப்பையில போட்டாச்சு." அன்று மாலையே வாலாஜாபாத் ரோட்டில் நின்றுவிட்டது.

இது சாதியா? நாங்கள் மூவரும் இதைப் பற்றி நிறையப் பேசினோம். ஒர்க்ஷாப்காரர்கள் எல்லோரிடமும்தான் நாளைக்கு வா என்கிறார்கள். அன்று அவருக்கு ஆள் பற்றாக்குறையாக இருந்திருக்கலாம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் வெறும் ஆயில் மாற்ற வந்தவர்களாகவும் இருக்கலாம். 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் ஆறாவது பிரிவு இருக்கிறது: தீண்டாமை காரணமாகப் பொருளை விற்க மறுத்தாலும், சேவை செய்ய மறுத்தாலும் குற்றம். பயிற்சி வகுப்புகளில் நாங்களே அதைச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் அவர் மறுக்கவில்லையே! 'நாளைக்கு வாங்க' என்பதை எந்தப் பிரிவில் எழுதுவது? இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மற்றவர்களுக்கு ஒர்க்ஷாப் தாமதம் வெறும் தாமதம். நமக்கோ, அது என்ன தாமதம் என்று யோசிக்கிற வேலையும் கூடவே வருகிறது. எம்.ஏ. சமூகவியலில் தூய்மை, தீட்டு என்று லூயி துய்மோனைப் படித்து ஒரு தாள் முழுக்க எழுதினோம். இந்த யோசனைக்குச் செலவாகிற நேரத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட எழுதியதாக நினைவில்லை.

ஒரு நண்பர் யோசனை சொன்னார்: "ஸ்டிக்கரைக் கிழிச்சிட்டு வேற கடைக்குப் போங்க, வேலை சீக்கிரம் நடக்கும்." எங்களில் ஒருவருக்கு அது சரியென்றே பட்டது. அக்காவின் பட்டாதான் முக்கியம், ஸ்டிக்கர் இல்லை என்பது அவர் வாதம். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமும் இல்லை. ஒரு இரவு முழுக்கச் சண்டை. அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான், 2025 பிப்ரவரியில், சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட் ஓட்டிக்கொண்டு வந்த கல்லூரி மாணவரைக் கைகளில் வெட்டியிருந்தார்கள். நீயெல்லாம் எப்படி இந்த வண்டி ஓட்டலாம் என்று கேட்டு வெட்டியதாகக் குடும்பத்தினர் புகார் கொடுத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி மூன்று பேர் கைதானார்கள். அந்த புல்லட் தயாராவது எங்கள் மாவட்டத்தில், ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இருக்கிற தொழிற்சாலைகளில். இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு எங்கள் சேரிப் பிள்ளைகள் ஒப்பந்தத் தொழிலாளர்களாக ஷிப்டுக்குப் போகிறார்கள். வண்டியைச் செய்யலாம், ஓட்டினால்தான் குற்றம் போலிருக்கிறது. ஸ்டிக்கர் அப்படியே இருக்கட்டும் என்று முடிவானது.

அடுத்து, நம்மவர் ஒருவரிடமே போவோம் என்று தீர்மானித்தோம். இதுதான் இந்தக் கதையில் எங்களுக்குச் சொல்லக் கூச்சமான பகுதி. எங்களுக்குத் தெரிந்த சேரி ஒன்றில், ரோட்டோர மரத்தடியில் ஒரு தம்பி மெக்கானிக் வேலை செய்கிறார். இருபத்தைந்து வயது. ஒரு பழைய பெட்டி, நாலைந்து ஸ்பேனர், ஒரு காற்றடிக்கும் பம்பு. வண்டியைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். ஸ்டார்ட் செய்து, காதை வைத்துக் கேட்டு, "இன்ஜின் சூடாகிப் புடிக்குதுண்ணே. போர் போட்டு பிஸ்டன் மாத்தணும்" என்றார். லேத்துக்குக் கொடுத்தது, சாமான், கூலி என்று 5,200 ரூபாய் ஆனது. எங்கள் மூவருக்கும் அது சின்னத் தொகையில்லை. வண்டி புதுசு போலச் சத்தமில்லாமல் ஓடியது. பதினைந்தாவது கிலோமீட்டரில் நின்றது.

அவர் ஏமாற்றவில்லை. கழற்றிய பிஸ்டன், ரிங் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். கூலியைத் திருப்பித் தருகிறேன் என்று நின்றார். நாங்கள் வாங்கவில்லை. பேச்சு நீண்டபோது, எங்கே தொழில் பழகினாய் என்று கேட்டோம். ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் மூன்று வருடம் இருந்தாராம். வாட்டர் வாஷ், பஞ்சர், செயினுக்கு ஆயில் விடுவது, டீ வாங்கி வருவது. "இன்ஜின் பக்கம் வுட மாட்டாங்கண்ணே. பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டதுதான்." கூட இருந்த வேறு பையன்கள் ஒரே வருடத்தில் இன்ஜின் பிரிக்கப் பழகிவிட்டார்களாம். அதற்குக் காரணம் என்ன என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அம்பேத்கரின் 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற சிறு தன்வரலாற்றுக் குறிப்பைப் படித்திருப்பீர்கள். படிக்காவிட்டால் இன்றே படித்துவிடுங்கள், ஒரு மணி நேரம் போதும். அதில் மசூர் ரயில் நிலையக் கதைதான் எல்லோருக்கும் தெரியும். 1901ஆம் ஆண்டு, அப்பாவைப் பார்க்கக் கிளம்பிய சிறுவர்களை ஏற்றிக்கொள்ள எந்த மாட்டுவண்டிக்காரரும் சம்மதிக்கவில்லை. இரட்டைக் கூலி தருகிறோம், நாங்களே ஓட்டிக்கொள்கிறோம், நீங்கள் கூட நடந்து வாருங்கள் என்று பேசி முடிக்கிறார்கள். அதே குறிப்பில் 1929இல் சாலிஸ்கானில் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அப்போது அவர் பாரிஸ்டர். ரயிலில் வந்து இறங்கியவரைத் தங்கள் குடியிருப்புக்கு அழைத்துப்போக மகர் மக்கள் குதிரைவண்டி கேட்கிறார்கள். தீண்டத்தகாதவரை ஏற்றி ஓட்ட ஒரு வண்டிக்காரரும் வரவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, தங்களில் ஒருவரையே ஓட்டச் சொல்கிறார்கள். தங்கள் தலைவர் நடந்து போவது கௌரவமில்லை என்று அவர்களுக்கு. ஆனால் ஓட்டியவருக்கு ஓட்டிப் பழக்கமில்லை. பாலத்தில் சக்கரம் மாட்டி, அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டுக் கால் எலும்பு முறிந்தது.

வண்டி ஓட்டியவர் மேல் அவருக்குக் கோபமில்லை. எங்களுக்கும் மரத்தடித் தம்பி மேல் கோபமில்லை. அன்பும் மானமும் இருந்தன, பழக்கம் இல்லை. அந்தப் பழக்கம் அவர்களுக்குக் கிடைக்காமல் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. 'நம்மவரிடமே போவோம்' என்று சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். நம்மவரிடம் போவது மட்டும் போதாது. அவர் கையில் வேலை வருவதற்கு வழி செய்ய வேண்டும்.

மூன்றாவது ஆளை எங்களுக்குச் சொன்னது ஒரு பால்காரர். அவர் வண்டி தினமும் நூறு கிலோமீட்டர் ஓடுகிறது. நல்ல மெக்கானிக் வேண்டுமென்றால் பால்காரர், கூரியர் போடுபவர், பேப்பர் ஏஜெண்ட் இவர்களைக் கேட்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. வண்டி ஒரு நாள் நின்றால் அவர்கள் பிழைப்பு நின்றுவிடும்.

கடை பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு சந்தில். பட்டு நெசவாளர்கள் நிறைந்த பகுதி. கடையில் நின்றால் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் கேட்கும். அவரும் நெசவுக் குடும்பத்துக்காரர்தான், ஐம்பது வயதிருக்கும். தறியில் உட்கார்ந்தவர், கூலி கட்டாமல் இருபது வயதில் ஸ்பேனர் பிடித்தாராம். வண்டியைத் தொடாமல் முதலில் கேட்டார்:

"இந்தப் பிரச்சனை எப்பலேருந்து?"

"மூணு மாசமா."

"அதுக்கு முன்னாடி வண்டியில இன்னா வேலை செஞ்சீங்க?"

ஒன்றும் செய்யவில்லை என்றோம். அவர் விடவில்லை. யோசித்துப் பார்த்தோம். சாவி தொலைந்துபோனதால் லாக் செட் மாற்றியிருந்தோம். ஒரிஜினல் விலை அதிகமென்று டூப்ளிகேட் வாங்கிப் போட்டது. பெட்ரோல் போட்ட பிறகு வண்டி எப்படி ஓடுகிறது என்று அடுத்துக் கேட்டார். எங்களில் இளையவர் சொன்னார்: "பெட்ரோல் போட்டதும் கொஞ்ச தூரம் நல்லா போகும் சார்." அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

எங்களில் ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அய்யம்பேட்டை வரை அவரே ஓட்டினார். வண்டி நின்றது. கிக்கரைத் தொடவில்லை. சாவியைப் போட்டு பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தார். 'புஸ்' என்று ஒரு சத்தம். மூடிவிட்டு உதைத்தார். ஒரே உதையில் ஸ்டார்ட்.

டேங்க் மூடியில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். ஓட்டை அடைத்திருந்தால் டேங்க்குக்குள் வெற்றிடமாகி, பெட்ரோல் கார்ப்பரேட்டருக்கு இறங்காது. இன்ஜின் நின்றுவிடும். சும்மா நிறுத்தி வைத்தால் இடுக்கு வழியாக மெல்லக் காற்று நுழையும், மறுபடியும் ஓடும். பெட்ரோல் போட மூடியைத் திறந்தாலும் ஓடும். எங்கள் டூப்ளிகேட் மூடியில் அந்த ஓட்டை ஒழுங்காகவே இல்லை. மெல்லிய கம்பியால் குத்திச் சரிசெய்து ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். காசு வரும்போது ஒரிஜினல் மூடி வாங்கி மாட்டச் சொன்னார். போர் போட்டதைப் பற்றிக் கேட்டோம். "வேலை சுத்தமாத்தான் இருக்கு. தேவையில்லாத வேலை, அவ்ளோதான்."

6,100 ரூபாயும் ஒரு விசாரணைத் தேதியும் போனது ஒரு குண்டூசித் துளைக்காக. முதல் இரண்டு இடங்களிலும் இந்த இரண்டு கேள்விகள் கேட்கப்படவில்லை. முதல் இடத்தில் கேட்கப்பட்ட கேள்வி எங்களைப் பற்றியது, வண்டியைப் பற்றியதில்லை. படிக்கிற தம்பி தங்கைகளுக்கு இதற்குமேல் அறிவுரை எங்களிடம் இல்லை. வண்டி எப்போதிலிருந்து, எங்கே, எப்படி நிற்கிறது என்று கேட்டு, நீங்கள் சொல்வதை ஆதாரமாக எடுத்துக்கொள்கிறாரா என்று பாருங்கள். கழற்றியதைத் திருப்பிக் கொடுக்கிறாரா, ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுகிறாரா என்றும் பாருங்கள். பாதியில் நின்றால் முதலில் டேங்க் மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள், செலவில்லாத சோதனை!

அவர் எங்களை எந்த ஊர் என்று கேட்கவே இல்லை. ஸ்டிக்கரைப் பார்த்திருப்பார், வண்டி முகத்திலேயே இருக்கிறது. ஒன்றும் சொன்னதில்லை. இரண்டு மாதம் பழகிய பிறகு மரத்தடித் தம்பியைப் பற்றிச் சொல்லி, வாரத்தில் இரண்டு நாள் இங்கே வந்து பழகலாமா என்று கேட்டோம். "வரச் சொல்லுங்க. கை சுத்தமா இருக்கு அவருக்கு" என்றார். தம்பி செவ்வாயும் வெள்ளியும் போகிறார். முதல் வாரமே இன்ஜின் பிரிக்க வைத்தாராம். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம் உண்டு. அதில் கம்ப்ரசரும் டூல் செட்டும் வாங்க தம்பிக்கு மனு தயார் செய்துகொண்டிருக்கிறோம். வங்கி கேட்கிற முதல் காகிதம், கடைக்கான வாடகை ஒப்பந்தம். மரத்தடிக்கு யார் ஒப்பந்தம் எழுதித் தருவார்கள்?

இதோடு முடித்திருந்தால் நல்ல கதைதான். எங்களில் ஒருவருக்குப் புதிதாகக் கல்யாணமாகி வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தார். மெக்கானிக்குக்கு அந்தத் தெருக்கள் எல்லாம் தெரியும், வீட்டுக்காரர்கள் எல்லோரும் அவர் வாடிக்கையாளர்கள். அவர் கடைக்கு எதிர்ச் சந்திலேயே 'டு லெட்' பலகை தொங்கியது. சொல்லி வைக்க முடியுமா என்று கேட்டோம். கையிலிருந்த வேஸ்ட் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "வீட்டுக்காரங்க கேப்பாங்க சார்… நான் இன்னா சொல்றது" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "வண்டி இப்ப எப்படிப் போவுது?" என்று கேட்டார்.

நன்றாகப் போகிறது என்றோம்.

ஆரணியைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த பார்பரா ஹாரிஸ்-வொயிட், இந்தியாவின் முறைசாராப் பொருளாதாரத்தை ஒழுங்குபடுத்துவதில் அரசின் சட்டத்தைவிடச் சாதி, மதம், பாலினம் போன்றவற்றுக்கே பெரிய பங்கு என்கிறார். ஆரணியும் பட்டு நெசவு ஊர்தான், பக்கத்தில்தான் இருக்கிறது. அவரைப் படித்தபோது, இதெல்லாம் கெட்டவர்கள் செய்கிற வேலை என்று மனதுக்குள் நினைத்திருந்தோம். இந்த மெக்கானிக் கெட்டவர் இல்லை. எங்களுக்குத் தெரிந்த நேர்மையான ஆட்களில் ஒருவர். அவர் கடைக்குப் போவதை நிறுத்த வேண்டும் என்று எங்களில் ஒருவர் சொன்னார், வீடு தேடியவரே வேண்டாம் என்றார். "தம்பி பழகி முடிக்கட்டும்" என்பது அவர் பதில். எங்களுக்குள் இது இன்னும் முடியாத பேச்சு. வீடு கிடைக்க நாலு மாதம் ஆனது, நகரத்தின் வேறொரு மூலையில்.

அக்காவின் விசாரணைத் தேதி வந்தது. வண்டி சரியாகிவிட்டது, கூட்டிப்போகிறோம் என்று முந்தின நாளே போய்ச் சொன்னோம். சிரித்தார். காலையில் வீட்டுக்குப் போனபோது பூட்டியிருந்தது. எட்டு மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாராம். நாங்கள் வண்டியில் பின்னாலேயே போனோம். மாகறல் தாண்டியும் நிற்கவில்லை. உத்திரமேரூரில் அவர் வாசல் படியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார், எங்களுக்கும் சேர்த்து டீ சொல்லியிருந்தார். பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். சர்வேயர் வந்து மனையை அளப்பார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.